காப்பீட்டு அட்டையைப் பற்றிப் பேசினால் முழுசாகப் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலுமாக 31 வருடம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுவிட்டு ஓய்வு பெற்றவன் நான். தேர்தல் நெருங்கினாலும் பட்ஜெட் வந்தாலும் மருத்துவக் காப்பீடு பற்றிய சண்டை ஆரம்பித்துவிடுகிறது. மேடையிலும் டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள், மறுநாள் காலையில் உங்கள் பத்திரிகையிலும் அது அப்படியே வருகிறது. யார் எந்தக் கட்சிக்காகப் பேசுகிறார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. பாதி உண்மையைக் கேட்டுவிட்டு அதை நம்பி மருத்துவமனைக்கு வருகிறவர்களின் முகத்தை நேரில் பார்த்தவன் என்பதால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். விவசாயக் கூலி. மனைவிக்குக் காய்ச்சல் விடவில்லை என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார். கையில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்த தைரியம். அங்கே கவுன்டரில் இருந்தவர்கள் "இப்போது பணம் கட்டுங்கள், அப்புறம் அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாளில் 18 ஆயிரம் ரூபாய். மனைவியின் தோட்டை அடகு வைத்துக் கட்டிவிட்டு, ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து, "சார், அஞ்சு லட்சத்துல இதக் கழிச்சுக்கிட்டுக் குடுத்துடுவாங்கல்ல?" என்று கேட்டார். அந்த மருத்துவமனை திட்டத்தின் பட்டியலிலேயே இல்லை. அதோடு, நாம் கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் ரசீதைக் கொடுத்துத் திரும்ப வாங்குகிற திட்டமே இல்லை இது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அவர் முட்டாள் இல்லை. "உங்கள் குடும்பத்துக்கு 5 லட்சம் கொடுத்திருக்கிறோம்" என்று ஒரு கட்சிக்காரரும், "அது நாங்கள் கொடுத்தது" என்று இன்னொரு கட்சிக்காரரும் மைக்கில் சொன்னதைக் கேட்டவர். இரண்டு பேருமே அதற்கு அடுத்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

அந்த அடுத்த வாக்கியம் என்ன என்று நானே எழுதிவிடுகிறேன். 5 லட்சம் என்பது பணம் அல்ல, உச்ச வரம்பு. ஒரு குடும்பத்துக்கு, ஒரு வருடத்துக்கு. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும், பட்டியலில் உள்ள சிகிச்சையாக இருக்க வேண்டும், பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்திருக்க வேண்டும், முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அப்போது அந்தச் சிகிச்சைக்கு என்று நிர்ணயித்த தொகை நேராக மருத்துவமனைக்குப் போகும், நம் கைக்கு வராது. சாதாரணமாக ஓ.பி.யில் டாக்டரைப் பார்ப்பது, மாதாமாதம் வாங்கும் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, தனியார் லேபில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை இதெல்லாம் இதில் வராது. ஏழைக் குடும்பத்தில் பணம் சொட்டுச் சொட்டாகக் கரைவது பெரும்பாலும் இந்த மாதிரிச் செலவில்தான். இதைச் சொல்லாமல் 5 லட்சத்தை மட்டும் சொல்வதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தோட்டை அடகு வைத்தவருக்கு அதற்கும் பொய்க்கும் என்ன வித்தியாசம்?

சரி, எதிர்ப்பக்கமாவது நேர்மையாகப் பேசுகிறதா என்றால் அதுவும் இல்லை. "இந்த அட்டையால் ஒருவருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை, எல்லாம் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொட்டிக் கொடுக்கிற ஏற்பாடு" என்று பேசுகிறார்கள். காது கேட்காமல் பிறந்த குழந்தைக்கு இந்தத் திட்டத்தில் காக்ளியர் கருவி வைத்து, இரண்டு வருடம் கழித்து அந்தக் குழந்தை என் ஜன்னலில் வந்து மாத்திரை கேட்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வயலுக்குத் திரும்பியவர்களையும் தெரியும், வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களையும் தெரியும். அரசு மருத்துவமனையும் இந்தத் திட்டத்தில் இருக்கிறது என்பதையும், அங்கே செய்யும் அறுவை சிகிச்சைக்கும் காப்பீட்டுத் தொகை வருகிறது, அதிலிருந்து கருவிகள் வாங்குகிறார்கள், ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை தருகிறார்கள் என்பதையும் டிவி விவாதங்களில் எவ்வளவு பேர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்? தனியாருக்குப் போகும் பங்கு அதிகமா, அது சரியா என்பது கேட்க வேண்டிய கேள்விதான். நானே அரசு மருத்துவமனைப் பக்கம்தான், அந்தப் பணத்தில் பெரும் பகுதியை ஜி.எச்.களிலும் பி.எச்.சி.களிலும் போட வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் என் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக, இந்தத் திட்டத்தால் பிழைத்தவர்களை இல்லாதவர்களாக ஆக்க எனக்கு மனசு வரவில்லை.

இது யாருடைய திட்டம் என்ற சண்டைக்கும் விடை தெளிவாகவே இருக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் ஜெயலலிதா ஆட்சியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டம்பரில் பிரதமர் ராஞ்சியில் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தைத் தொடங்கியபோது தமிழ்நாட்டில் அது ஏற்கெனவே இருந்த மாநிலத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது, வரம்பும் 5 லட்சமாக உயர்ந்தது. 2011 சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பின்படி தகுதி பெற்ற குடும்பங்களுக்கு மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தக் கணக்கில் வராமல் மாநில அரசு தன் வருமான வரம்பை வைத்துச் சேர்த்துக்கொண்ட குடும்பங்களுக்கு மாநில அரசே கட்டுகிறது. ஆகவே "எல்லாம் டெல்லி கொடுத்தது" என்பதும் தவறு, "டெல்லி ஒன்றுமே கொடுக்கவில்லை" என்பதும் தவறு. ஒரு நிருபர் அரை மணி நேரம் செலவழித்தால் கிடைக்கும் விவரம் இது. ஆனாலும் வருடக்கணக்காக இரண்டு வாக்கியங்களும் மாறி மாறிக் கொட்டை எழுத்தில் தலைப்பாகிக்கொண்டிருக்கின்றன.

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை உங்களுக்கு நினைவிருக்கும். ஆயுஷ்மான் பாரத் பதிவில் 7,49,820 பேருக்கு ஒரே மொபைல் எண், 9999999999 என்று. மறுநாளே எங்கள் ஊர் டீக்கடையில் "ஏழரை லட்சம் போலி ஆட்கள் பணம் எடுத்துட்டாங்களாம்" என்று பேச்சு. அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. மொபைல் எண் இல்லாதவர்களுக்கு வாய்க்கு வந்த பத்து இலக்கத்தைப் போட்டு நிரப்பிவிட்டார்கள், தகுதியைச் சரிபார்ப்பது ஆதாரை வைத்துத்தான், மொபைல் எண் தகவல் அனுப்ப மட்டும்தான் என்று சுகாதார அமைச்சகம் விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்தில் நியாயம் இருக்கிறது. கவுன்டரில் உட்கார்ந்து கூட்டத்தைச் சமாளித்தவனுக்கு இது எப்படி நடக்கும் என்று தெரியும். கட்டத்தை நிரப்பாமல் விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது, பின்னால் வரிசையில் ஐம்பது பேர் நிற்பார்கள்.

ஆனால் அந்த விளக்கத்தைச் சொல்லிவிட்டு "அறிக்கையில் ஒன்றுமே இல்லை, எல்லாம் அவதூறு" என்று அரசுத் தரப்பில் சிலர் பேசினார்களே, அது அதைவிடப் பெரிய தவறு. ஏற்கெனவே இறந்துவிட்டதாகப் பதிவான நோயாளிகளின் பெயரில் மறுபடியும் சிகிச்சை என்று பணம் போயிருப்பதை அதே அறிக்கை சொல்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே 7 ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இருந்ததாகச் சொல்கிறது. ஆதாரை வைத்துத்தான் சரிபார்க்கிறோம் என்றால் இது எப்படி நடந்தது? கேட்க வேண்டிய கேள்வி இது. 9999999999 பார்க்க விசித்திரமாக இருந்ததால் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், அதற்குப் பதில் வந்ததும் விவகாரமே முடிந்ததுபோல ஆகிவிட்டது. தவறான குற்றச்சாட்டைச் சத்தமாகச் சொன்னவர்கள் சரியான குற்றச்சாட்டையும் சேர்த்துக் கொன்றுவிட்டார்கள்.

இன்னொரு எண். மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து செலவழிக்கும் பங்கு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 39.4 ஆகக் குறைந்துவிட்டது என்று தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. எண் சரிதான், அரசே வெளியிட்டது. ஆனால் இதை "உங்கள் மருத்துவச் செலவு கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது" என்று பேசுகிறார்கள். இது பங்கு, பில் அல்ல. அரசின் செலவு கூடினால், நம் பில் அப்படியே இருந்தாலும் நம் பங்கு குறையும். கொரோனா காலத்தில் அரசுகள் எவ்வளவு செலவழித்தன என்பதையும் சேர்த்துத்தான் 2021-22ஐப் பார்க்க வேண்டும். இதை நான்கு வரியில் விளக்க உங்கள் பத்திரிகையில் இடம் இல்லாமலா போய்விடும்?

இனி நான் சொல்லப் போவது என் வேலையைப் பற்றியது, அதனால் கொஞ்சம் கோபமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "கவர்மென்ட் மாத்திரை சுண்ணாம்பு", "அதைத் தின்றால் கிட்னி போய்விடும்" என்று ஒரு ஆடியோ வருடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. அரசு மருத்துவமனைகளைக் குறை சொல்ல விரும்புகிறவர்கள் விவாதத்தில் இதை அரைகுறையாகத் தொட்டுவிட்டுப் போகிறார்கள், மறுத்துப் பேச ஆள் இல்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் ஏற்படுத்தப்பட்டது. மருந்துகளை மொத்தமாக டெண்டரில் வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் போட்டு, அதில் உள்ள தொகைக்கு ஏற்ப மருந்து எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. இந்தியாவில் எத்தனையோ மாநிலங்கள் வந்து பார்த்து எடுத்துக்கொண்ட முறை. கிடங்குக்கு வரும் மருந்திலிருந்து மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, வெறும் குறியீட்டு எண்ணோடு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். சரியில்லை என்று வந்தால் அந்த மருந்து திரும்பப் போகும், கம்பெனி கறுப்புப் பட்டியலுக்கும் போகலாம். அப்படிச் சில சமயம் சரியில்லாத மருந்து பிடிபட்டிருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. பிடிபடுகிறது என்பதே சோதனை நடக்கிறது என்பதற்கு அத்தாட்சி.

என்னிடம் பல வருடம் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை வாங்கிய ஒரு அம்மா திடீரென்று நான்கு மாதம் வரவில்லை. அப்புறம் கால் பெருவிரலில் புண்ணோடு வந்தார். பேரன் போனில் அந்த ஆடியோவைப் போட்டுக் காட்டினானாம், பயந்து நிறுத்திவிட்டாராம். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஆடியோவைப் பேசியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதே சந்தேகத்தை டிவியில் ஒரு மணி நேரம் விவாதமாக நடத்தினார்களே, அந்த மேஜையில் ஒரு மருந்தாளுநராவது உட்கார்ந்திருந்தாரா?

அரசுத் தரப்பையும் விட மாட்டேன். "எங்குமே மருந்துத் தட்டுப்பாடு இல்லை" என்று எந்த ஆட்சியில் எந்த அமைச்சர் அறிக்கை விட்டாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஏனென்றால் மறுநாள் காலை என் ஜன்னலில் நிற்பவர் அந்தச் செய்தித்தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "இருக்குன்னு போட்டிருக்கே, நீ வித்துட்டியா?" என்று கேட்பார். மாத்திரை அட்டையில் "தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல" என்று அச்சடித்திருக்கும், அதை விற்றதாக ஒருவர் என்னைக் கேட்ட அன்று நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. சில மருந்து சில வாரம் வராமல் போவது உண்டு. டெண்டர் தாமதம், பாஸ்புக்கில் தொகை தீர்வது, பக்கத்து ஊரிலிருந்து எதிர்பார்க்காத கூட்டம் என்று காரணம் பல. "இந்த மருந்து இந்த வாரம் இல்லை, இந்தத் தேதிக்குள் வரும்" என்று ஒரு அமைச்சர் சொன்னால் யாரும் அவரைத் தூக்கில் போட மாட்டார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் பற்றியும் இதே கதைதான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வீட்டுக்கே போய் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். நடக்க முடியாத கிழவிகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். 2024இல் ஐ.நா.வின் பணிக்குழு விருதும் கிடைத்தது. ஆளும் தரப்பு "கோடிக்கணக்கானோர் பயனடைந்தார்கள்" என்கிறது, எதிர்த்தரப்பு "வெறும் விளம்பரம்" என்கிறது. இரண்டுக்கும் நடுவில் உண்மையான கேள்வி அனாதையாகக் கிடக்கிறது: மாத்திரை வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு பிரஷர் கட்டுக்குள் வந்தது? 2020இல் தமிழ்நாட்டில் நடந்த கணக்கெடுப்பில் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் நூற்றுக்கு 7 பேர் அளவுக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. அந்த 7 இப்போது எத்தனை ஆகியிருக்கிறது என்று கேட்டால் திட்டத்தின் நன்மை குறை இரண்டும் தெரிந்துவிடும். ஒருமுறை வீட்டுக்கு வந்து அளந்துவிட்டுப் போனாலும் "பயனாளி" என்று கணக்கில் ஏறிவிடும், அந்த எண்ணை வைத்துக்கொண்டு சண்டை போட்டு என்ன ஆகப் போகிறது?

நம் ஊரில் மட்டும்தான் இப்படியா என்றால் இல்லை. 2023 மார்ச்சில் ராஜஸ்தான் சட்டமன்றம் சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது, இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் அதுதான் முதல். அவசர சிகிச்சைக்கு வருகிறவரிடம் முன்பணம் கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது, அவரால் கட்ட முடியாவிட்டால் அரசு ஈடுகட்டும் என்பதுதான் சண்டைக்கு மையமான பிரிவு. அதைப் பற்றி ஒரு பக்கம் "இனி எந்தத் தனியார் ஆஸ்பத்திரியிலும் எல்லா வைத்தியமும் இலவசம்" என்று பரப்பினார்கள். இன்னொரு பக்கம் மருத்துவர்கள் கொதித்தார்கள், ஏறக்குறைய இரண்டு வாரம் தனியார் மருத்துவமனைகள் முடங்கின. எது அவசரம் என்று தெளிவாக வரையறுக்கவில்லை, பணம் எப்போது எப்படி வரும் என்று சொல்லவில்லை என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்களை எல்லாம் "பணப் பேய்கள்" என்றார்கள். கடைசியில் ஏப்ரல் 4ஆம் தேதி உடன்பாடு வந்தபோது 50 படுக்கைக்குக் கீழே உள்ள தனியார் மருத்துவமனைகளுக்குச் சட்டம் பொருந்தாது என்று விட்டுக்கொடுத்தார்கள். சின்ன ஊர்களில் இருப்பவை பெரும்பாலும் அந்த மாதிரிச் சின்ன மருத்துவமனைகள்தானே, பாம்பு கடித்தவரை முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவது அங்கேதானே என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதல் வாரமே இரண்டு தரப்புக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருந்தால் இவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டி வந்திருக்குமா?

உங்கள் பத்திரிகை என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. எந்தத் தலைவர் மருத்துவத் திட்டம் பற்றி எண் சொன்னாலும் அதே செய்தியின் கீழே அந்த எண் எதைக் குறிக்கிறது என்று இரண்டு வரி போடுங்கள். "அவர் இப்படிச் சொன்னார், இவர் அப்படிச் சொன்னார்" என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு நடுநிலை என்று விட்டுவிடாதீர்கள். ஒருவர் சொன்னது சரிபார்க்கக் கூடிய விஷயம் என்றால் சரிபார்த்து எது சரி என்று எழுதுவதுதான் நடுநிலை. தவறாகப் போட்டுவிட்டால் திருத்தத்தை எட்டாம் பக்கத்து மூலையில் போடாதீர்கள், தவறு வந்த அதே இடத்தில் போடுங்கள். கருத்து கேட்கும்போது டாக்டர் சங்கத் தலைவரையும் கட்சிச் செய்தித் தொடர்பாளரையும் மட்டும் கேட்காமல் கிராம செவிலியர், மருந்தாளுநர், காப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்து விண்ணப்பம் பதிகிறவர், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் இவர்களையும் கேளுங்கள். மேடையில் விட்டுப்போன அடுத்த வாக்கியம் இவர்களிடம்தான் இருக்கிறது.

கடைசியாக ஒரு உதவி. மாவட்டப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட முடியுமா? இந்த மாவட்டத்தில் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளின் பெயர்கள், வெறும் ஓ.பி. பார்ப்பதற்கு அட்டை செல்லாது என்பது, பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு "முதலில் பணம் கட்டு, அப்புறம் வாங்கிக்கொள்" என்று யாராவது கேட்டால் கட்டாமல் 104க்குப் போன் செய்து விசாரிக்க வேண்டும் என்பது, இவ்வளவு போதும். விவரங்களை மாவட்டத் திட்ட அலுவலகத்தில் கேட்டுச் சரிபார்த்து நானே எழுதித் தருகிறேன், என் பெயர் போட வேண்டாம், சன்மானமும் வேண்டாம். இந்த வாரமே வந்தால் நல்லது. மழை பிடித்துவிட்டது, காய்ச்சலோடு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருந்தாளுநர்,
கும்பகோணம்.